திரும்பின கிண்ணம்

பிப்ரவரி 3

அன்புள்ள சில்லுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். உன் பட்டறைக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் லிப்ட் மாட்டும் வேலையாக உன் ஊருக்கு வந்தபோது, நீ பல் செட் செய்கிற இடத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தாராம். என்னோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியதில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணாடிச் சாமானைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். உன் மேஜையில் தேநீர் நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்ததாம். வெளியே சுற்றிலும் நெளி நெளியாக வரி. அடியில் எண்ணும் பறவை முத்திரையும். அவர் அதன்மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வந்து, "இந்தா, உன் சீக்குக்கு மருந்து" என்று நீட்டினார்.

அந்தப் பேப்பரில் இருந்த எண் 55.

உனக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பறவை முத்திரை போட்ட அந்தத் தொழிற்சாலை மூடி எத்தனையோ காலமாகிறது. அவர்கள் அச்சில் வார்த்த வடிவங்கள் மொத்தம் ஐம்பத்து நான்குதான் என்று எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் எல்லோரும் நம்புகிறோம். அவர்களுடைய விலைப்பட்டியலே அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பட்டியலை அச்சடித்ததே நான் பிழை திருத்துகிற இந்த அச்சகம்தான். ஒரு பிரதி கிடங்கில் கிடந்து எனக்குக் கிடைத்தது. ஐம்பத்தைந்து என்று ஒன்று இருந்தால் பதினொரு வருடமாக நான் எழுதுகிற புத்தகமே மாறும்.

மார்ச் 28 அன்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அன்று அந்தக் கிண்ணம் மேஜைமேல் இருக்க வேண்டும். பஞ்சு வைத்துப் பார்சல் செய்து அனுப்பு. பழைய விஷயங்களை இதில் இழுக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 9

அண்ணி அவர்களுக்கு,

லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

பழைய விஷயத்தை இழுக்க வேண்டாமாம்! இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. பிரித்தால் முதல் வரியில் "நலம்", கடைசி வரியில் "அன்புடன்", நடுவில் முழுக்கக் கிண்ணம். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதைக்கூட "இருப்பாய்" என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் உங்களுக்கும் அண்ணனுக்கும் எட்டுப் பக்கம் எழுதினேன். அம்மா போன பிறகு உங்கள் வீடுதான் எனக்கு வீடு. புது ஊர், பேச ஆளில்லை, ராப்பகல் யாருடைய பல்லையோ ராவிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் கொட்டி எழுதினேன். பத்து நாள் கழித்து ஒரு கனமான உறை வந்தது. ஆசையாகப் பிரித்தேன். என் கடிதமே திரும்பி வந்திருந்தது, சிவப்பு மையில் பிழை திருத்தி. மொத்தம் பத்தொன்பது. "மனசு வறுத்தமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். நீங்கள் றகரத்தைச் சுழித்துப் பக்கத்தில் ரகரம் போட்டிருந்தீர்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கிண்ணம் தர மாட்டேன். அதில் நான் மெழுகு வைத்திருக்கிறேன். ஈறு செய்யும் சிவப்பு மெழுகு ஒரு பக்கம், பல் நிற மெழுகு ஒரு பக்கம். அண்ணன் கவிழ்த்துப் பார்க்கிறேன் என்று இரண்டையும் கலந்துவிட்டுப் போனது தனிக் கதை. இந்த அறையை வாடகைக்கு எடுத்தபோது அலமாரிக்குள் துருப்பிடித்த குண்டூசிகளோடு இருந்தது. எனக்கு ராசியான கிண்ணம்.

அப்புறம், அது 55 இல்லை. 22. தினமும் மெழுகு எடுக்கும்போது அடியில் பளிச்சென்று தெரிகிறது, இருபத்திரண்டு. கண்ணாடிப் பைத்தியம் முற்றிவிட்டது, முதலில் கண்ணுக்கு ஒரு கண்ணாடி போடுங்கள்.

இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லு


பிப்ரவரி 14

சில்லு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கையில் பேனா இல்லாமல்தான் படித்தேன்.

அந்த எட்டுப் பக்கத்தை நான் உனக்கு அனுப்பவில்லை. அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கையில் இருந்த பேனா தன்போக்கில் ஓடிவிட்டது. எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் அப்படித்தான். டாக்டர் சீட்டைத் திருத்தி மருந்துக்கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். உனக்கு எழுதிய பதிலைத் தனியாக மடித்து வைத்திருந்தேன். உன் அண்ணன் அவசரத்தில் உறைக்குள் எதை வைத்தார் என்று உனக்கே தெரியும். என் பதில் ஒரு மாதம் கழித்து அவர் சட்டைப் பையில் கிடைத்தது, சலவை செய்து, கஞ்சி போட்டு. அதற்குள் நீ போனை எடுப்பதை நிறுத்திவிட்டாய்.

இது விளக்கம்தான். வேறு எதுவும் இல்லை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஆனால் 22 என்று மட்டும் சொல்லாதே. அது இருக்கவே முடியாது. பட்டியலில் 22 இருக்கிற இடத்தில் தடித்த கறுப்புக் கோடு அடித்து, பக்கத்தில் "நிறுத்தம்" என்று போட்டிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அச்சு உடைந்துவிட்டது என்று ஒரு கட்சி, அச்சைக் கொத்துகிறவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கட்சி. சங்கத்தில் இதற்காகவே பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற இரண்டு பேர் உண்டு.

நீ உள்ளே பார்த்து எதையோ சொல்கிறாய். எண்ணை அடிப்பக்கம்தான் படிக்க வேண்டும். மெழுகை எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பார்.

இன்னொன்று. போன வாரம் சங்கத்தில் வாயை விட்டுவிட்டேன், 55-ஐக் கண்டுபிடித்துவிட்டதாக. எங்கள் தலைவர் ஒரு கடிகாரக்காரர். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டே பேசுவார். "பார்த்தா நம்புறேன்மா, பாக்காம எதையும் நம்புறதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

கஞ்சி போட்ட கடிதத்தைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபமாக வந்தது.

சரி, கவிழ்த்தேன். அடியில் 55. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், 55தான். நிமிர்த்தி உள்ளே பார்த்தேன், 22. மறுபடி கவிழ்த்தேன், 55. பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த பெரியவர், "என்னம்மா, கிண்ணத்த வெச்சு வித்தை காட்டுற?" என்று கேட்டார். வாயில் அச்சு வைத்திருந்ததால் பாதிதான் புரிந்தது.

நேர்க்கோடுகளால் வெட்டிய எண் இல்லையா, கால்குலேட்டரில் வருகிற மாதிரி. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஐந்து. கண்ணாடி என்பதால் இரண்டு பக்கமும் தெரிகிறது. நீங்கள் கவிழ்த்துப் பார்க்கிற ஜாதி, நான் உள்ளே பார்க்கிற ஜாதி. முறைப்படி எது சரியென்று உங்களுக்குத்தான் தெரியும். ஆக நீங்கள் ஜெயித்தீர்கள். சந்தோஷமாக இருங்கள்.

இருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகம். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் கொடுத்த டம்ளர் இங்கேதான் இருக்கிறது, தேன்கூடு போட்டது, 31. (கோபத்தில் அதை உடைக்கலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். பால் குடிக்க வேறு டம்ளர் இல்லை.) அதில் பறவை எண்ணுக்கு இடப்பக்கம் நிற்கிறது. இந்தக் கிண்ணத்தில் வலப்பக்கம் நிற்கிறது. பறவை ஏன் இடம் மாறியது?

கிண்ணத்தை அனுப்புவது பற்றி இன்னும் யோசிக்கிறேன். விளக்கம் கொடுத்தீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்கிறது. அது உங்களுக்கே தெரியும்.

சில்லு


பிப்ரவரி 25

அன்புள்ள சில்லு,

பார்த்தாயா! 55! நீயே உன் கண்ணால் பார்த்து எழுதிவிட்டாய். உன் கடிதத்தை அச்சகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்த இடத்தை மட்டும்.

பறவையைக் கேட்டாயே, அதுதான் விசேஷம். 22 நீங்கலாகக் கிடைத்த ஐம்பத்து மூன்று வடிவத்திலும் பறவை எண்ணுக்கு இடப்பக்கம் நின்று எண்ணைப் பார்க்கும். 55-இல் வலப்பக்கம் நின்று எண்ணைப் பார்க்கிறது. என் கணிப்பு இதுதான்: கடைசிக் காலத்தில் முதலாளி மாறியிருக்கிறார், முத்திரையையும் மாற்றியிருக்கிறார். இதை நான்கு பக்கத்துக்குக் கட்டுரையாக எழுதிவிட்டேன். புத்தகத்தின் அட்டையிலேயே 55தான். எழுத்துக் கோத்து முடித்து முதல் புரூப் வந்துவிட்டது. மார்ச் 12 அன்று அச்சேறுகிறது.

அந்தக் காலத்தில் எப்படி வார்த்தார்கள் தெரியுமா? உலையிலிருந்து உருகின கண்ணாடியைக் கம்பியில் சுருட்டி எடுப்பார் ஒருவர். இன்னொருவர் அதைக் கத்தரியால் வெட்டி இரும்பு அச்சுக்குள் விழவைப்பார். மூன்றாமவர் நெம்புகோலை அழுத்துவார். நாற்பது எண்ணுவதற்குள் ஒரு கிண்ணம். ஆனால் அந்த இரும்பு அச்சைக் கொத்த ஒரு ஆளுக்கு மூன்று மாதம் ஆகும். வரி வரியாக, உளியால். அந்த மனிதர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் பதினொரு வருடமாக இதைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு அதுதான் காரணம். உன் அண்ணனுக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

நீ கேட்ட வார்த்தையை எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். எழுதினால் அதிலும் ஏதாவது திருத்தத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறு.

அண்ணி


மார்ச் 4

அண்ணி,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பா வரும். முதலில் கடிதத்தைப் படியுங்கள்.

உங்கள் கட்டுரையை நிறுத்துங்கள். 55 கிடையாது. இது 22தான்.

எப்படி என்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒருவருடைய மேல்தாடை அச்சில் அடையாளத்துக்காக அவர் வீட்டு எண்ணைக் கீறி வைத்தேன். நேராகவே கீறினேன். அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்ததும் எண் இடவலமாகத் திரும்பி வந்தது. பட்டறையே சிரித்தது. அச்சில் எதைக் கொத்தினாலும் திருப்பித்தான் கொத்த வேண்டும், அப்போதுதான் பொருளில் நேராக வரும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் முதல் வருடம் அதையே செய்தவர்கள்தான்.

நீங்கள் பறவையைப் பற்றி எழுதியதும் அந்த ஞாபகம் வந்தது. பறவை இடம் மாறி, முகமும் மாறி, எண்ணும் மாறினால் என்ன அர்த்தம்? முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் கிண்ணத்தின் அடியைக் காட்டினேன். கண்ணாடியைக் கண்ணாடியில் பார்த்தேன் அண்ணி! பறவை இடப்பக்கம் வந்து நின்றது, எண் 22. உங்கள் ஐம்பத்து மூன்றில் இருக்கிற மாதிரியே, அச்சு அசலாக. பிறகு அடியில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தேன். அதுதான் டப்பாவில் இருக்கிறது. அந்த இரும்பு அச்சில் அந்த மனிதர் என்ன கொத்தியிருந்தாரோ அதுவே உங்கள் கைக்கு வரும். நேராக 22. திருப்பிக் கொத்த மறந்துவிட்டார். மூன்று மாத வேலை, கடைசியில் இரண்டே இரண்டு எண். அதனால்தான் நிறுத்தினார்கள்.

இன்னும் கேளுங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் இது யாருடையது என்று கேட்டேன். அவருடைய மாமனார் இந்த ஊரில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் உலையில் வேலை பார்த்தவராம். "அது அவர் கொண்டாந்த திரும்பின கிண்ணம்மா. யாரோ வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுத்திருப்பாங்கன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்" என்றார். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயரே அதுதானாம். திருப்பிக் கொடுத்த கிண்ணம் இல்லை, எண் திரும்பின கிண்ணம். பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், கேட்டவர்கள்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இதைக் கண்டுபிடித்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். 12-ஆம் தேதி வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அட்டையில் 55 என்று அச்சாகி, கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்து, சபை நடுவில் உங்களுக்குச் சிவப்பு மை. பத்தொன்பதுக்கு ஒன்று. நினைக்க நினைக்க இனித்தது. மூன்றாம் நாள் காலையில் இனிக்கவில்லை. அந்த இரும்புக் கொத்துக்காரர்களுக்காக அழுகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதை மறுபடி படித்த பிறகு முடியவில்லை.

சில்லு


மார்ச் 8

என் சில்லு,

டப்பா வந்தது. திறந்தேன். உள்ளங்கையில் வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அச்சகத்தில் எழுத்துக் கட்டைகளை முப்பது வருடமாக இடவலமாகத் திரும்பிய நிலையிலேயே படிக்கிறவள் நான். எனக்கு அதுதான் நேர். அப்படிப்பட்டவளுக்குத் திரும்பி நின்ற ஒரு எண் தெரியவில்லை! நான்கு பக்கத்துக்கு முதலாளியை வேறு மாற்றினேனே. உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது, பிறகு மறுபடி சிரிப்பு. பக்கத்து வீட்டில் கதவைத் தட்டி என்ன என்று கேட்டார்கள். "இருபத்திரண்டு கெடச்சிருச்சு" என்றேன். பாவம், அவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

நீ எழுதியதை ஊர்ஜிதம் செய்யாமல் எனக்குத் தூக்கம் வருமா? பட்டியலை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னலில் வைத்தேன். எழுத்து அழுந்திய தடம் காகிதத்தின் பின்னால் இருந்தது, கறுப்புக் கோட்டுக்கு அடியிலும். திரும்பிய எழுத்து, எனக்குப் படிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? "22. சிறு கிண்ணம். நெளிவரி." பதினொரு வருடமாக அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அட்டையை நிறுத்திவிட்டேன். கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.

இப்போது அந்த வார்த்தை. என்னை மன்னித்துவிடு. பேனா தன்போக்கில் ஓடியது என்று எழுதினேன், அது பாதிதான் நிஜம். நீ தனியாகக் கஷ்டப்படுகிறாய் என்று படித்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்னைப் போக விட்டதே நான்தான், "போய்ப் பார், திறமை இருக்கு" என்று தள்ளிவிட்டேன். அந்தப் பக்கங்களில் என்னால் சரிசெய்ய முடிந்தது எழுத்துப் பிழை மட்டும்தான். அதைச் செய்தேன். உன் மனசு வருந்தியது, அதை விட்டுவிட்டேன். உறையை மாற்றி வைத்தது உன் அண்ணன். ஆனால் ஒரு மாதம் கழித்துத் தெரிந்ததும் அடுத்த வண்டியில் ஏறி உன்னிடம் வந்திருக்க வேண்டியவள் நான். வீம்பு பிடித்து இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

கிண்ணத்தை அனுப்பு என்று இனி கேட்க மாட்டேன். பிளாஸ்டரை வைத்தே கூட்டத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். தப்பு செய்துவிட்டேன். கண்ணீர் விழுந்து ஒரு முழுப் பல் செட்டின் மெழுகு வேலை கெட்டது. மறுபடி செய்தேன். முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது.

அண்ணனை அனுப்பி வையுங்கள், கிண்ணத்தைத் தருகிறேன். பார்சலில் அனுப்ப மனசு வரவில்லை. மெழுகைச் சுரண்டி, வெந்நீரில் கழுவி, பல் பளபளப்பாக்குகிற பொடியால் தேய்த்து வைத்திருக்கிறேன். அது இப்படி ஒரு நிறம் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். வெயிலில் வைத்தால் மேஜையெல்லாம் நெளி நெளியாக வெளிச்சம். வேலை ஓடவில்லை.

நேற்று அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தைத் தேடிப் போனேன். இப்போது சோபா விற்கிற கடை. விற்பனைப் பெண்ணிடம் இங்கே உலை எங்கே இருந்தது என்று கேட்டேன். "ஹீட்டர் மேல் மாடியிலங்க" என்றாள். திரும்பி வரும்போது டீக்கடையில் கிளாஸை என்னை அறியாமல் கவிழ்த்துப் பார்த்தேன். அதில் பாதி டீ இருந்தது. சேலை போச்சு. உங்கள் குடும்பச் சீக்கு எனக்கும் வந்துவிட்டது.

கூட்டத்துக்கு வர முடியாது. 28 அன்று இரண்டு பேருக்குப் பல் மாட்ட வேண்டும். பல் இல்லாமல் இருக்கிறவர்களிடம் கண்ணாடிக் கிண்ணத்துக்காகக் காத்திருங்கள் என்று சொல்ல முடியுமா?

கடிகாரக்காரரிடம் எதற்கும் பயப்படாதீர்கள்.

சில்லு


மார்ச் 29

சில்லு,

உட்கார்ந்து படி.

உன் அண்ணன் ஒன்பது மணி நேரம் வண்டியில் அந்தக் கிண்ணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர் "அஸ்தியா?" என்று மெதுவாகக் கேட்டாராம். இவர் "இல்லீங்க, என் பொண்டாட்டியோட உசுரு" என்றாராம். அதற்குப் பிறகு அந்த இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கூட்டத்தில் நாற்பது பேர். கடிகாரக்காரர் எழுந்து, "இப்ப நம்ம பிழைதிருத்துற அம்மா ஐம்பத்தஞ்சைக் காட்டப் போறாங்க" என்றார். நான் எழுந்தேன். "ஐம்பத்தைந்து கிடையாது. நான் தப்பாகப் படித்துவிட்டேன்" என்றேன். யாரோ இருமினார்கள். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, "என் நாத்தனார் பல் செட் செய்கிறவள். அவள் இதை உள்ளேயிருந்து பார்த்தாள்" என்று சொல்லி நிமிர்த்தினேன். உன் பிளாஸ்டரைப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கார அம்மா சொன்னதைச் சொன்னேன்.

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வந்தார். கவிழ்த்தார், நிமிர்த்தினார், கவிழ்த்தார். பிளாஸ்டரைத் தடவினார். அப்புறம் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. "முப்பது வருஷமா தேடுறேன்மா" என்றார். அதற்குப் பிறகு கூட்டமாகவா இருந்தது? நாற்பது பேரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார்கள். அச்சு உடைந்த கட்சியும் சண்டைக் கட்சியும், அந்தப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர், வரிசையில் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் கிண்ணத்தைக் கவிழ்த்து "ஐம்பத்தஞ்சு" என்றார், மற்றவர் வாங்கி நிமிர்த்தி "இருபத்திரெண்டு" என்றார். அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

புத்தகத்தில் 22-க்கு எதிரே எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் "திரும்பின கிண்ணம்". கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர், தனியாக. என் பெயரை எழுத வந்தார்கள், வேண்டாம் என்றேன். கொத்தியவர் என்றும் ஒரு இடம் போடச் சொன்னேன். பெயர் தெரியாது, காலியாக இருக்கட்டும். இருந்தார் என்று தெரிந்தால் போதும்.

இப்போது கடைசி விஷயம். கிண்ணத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பவும் மாட்டேன். அது என் அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. வேண்டுமானால் நீயே வந்து வாங்கிக்கொள். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. இரண்டு வருடமாக உன் அறையை உன் அண்ணன் தினமும் கூட்டுகிறார். அங்கே யாரும் இல்லை என்று ஒவ்வொரு நாளும் வந்து என்னிடம் சொல்கிறார்.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

கிண்ணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுக்கு நான் ஒரு தகர டப்பா வாங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.

சில்லு